ஆற்றுக்குருடு நோய்: மாத்திரை இலவசம், அப்புறம் ஏன் இத்தனை வருடம்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "ஆப்பிரிக்காவில் ஆற்றுக்குருடு நோய்க்கு வருடத்துக்கு ஒரு தடவை மாத்திரை போட்டால் போதும், அதையும் கம்பெனி சும்மா கொடுக்கிறது என்கிறார்கள். 1987-லிருந்து கொடுத்தும் ஏன் ஒழியவில்லை? நம் நாட்டுக்கு அந்த நோய் வருமா?"

நியாயமான கேள்வி. மாத்திரை புழுவின் குஞ்சுகளைத்தான் கொல்லும், தாய்ப்புழுவைக் கொல்லாது. தாய்ப்புழு தானாகச் சாகும்வரை ஒரு ஊர் முழுக்க வருடம் தவறாமல் மாத்திரை விழுங்க வேண்டும். அதாவது 10 முதல் 15 வருடம். மருந்தைக் கண்டுபிடித்ததைவிட, அதை இத்தனை வருடம் மக்கள் விடாமல் போட வைப்பதுதான் பெரிய வேலை. இந்த நோய் எங்கே ஒழிந்தது, எங்கே ஒழியவில்லை என்பதற்கெல்லாம் காரணம் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

முதலில் புழுவைப் பார்த்துவிடுவோம். பெயர் ஆன்கோசெர்கா வால்வுலஸ். யானைக்கால் நோயைத் தரும் புழுவுக்குச் சொந்தம். பெண்புழு அரை மீட்டர் வரை நீளும், ஆனால் நூல் மாதிரி மெல்லியது. இடுப்பெலும்பு, விலா, தலை என்று எலும்பு மேடாக இருக்கிற இடங்களில் தோலுக்கடியில் சுருண்டு கிடக்கும். உடம்பு அதைச் சுற்றி ஒரு கட்டி கட்டிவிடும். விரலால் தொட்டால் கட்டி நழுவும், பெரும்பாலும் வலி இருக்காது. அதனால் பலர் அதைப் பொருட்படுத்துவதே இல்லை. அந்தக் கட்டிக்குள் இருந்துகொண்டு பெண்புழு தினமும் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரத்துக்கும் மேலே, நுண்புழுக்களை ஈன்றுகொண்டே இருக்கும்.

நோயைக் கொடுப்பது இந்த நுண்புழுக்கள்தான். அவை தோலுக்குள் ஊர்ந்து திரிகின்றன, கண்ணுக்கும் போகின்றன. ஓரிரு வருடத்தில் சாகின்றன. சாகும்போது அவற்றின் உடலில் குடியிருக்கும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவும் சேர்ந்து வெளியே வர, நம் உடம்பு அந்த இடத்தில் கொந்தளித்து வீங்குகிறது. தோலில் நடந்தால் அரிப்பு. கருவிழியில் நடந்தால் தழும்பு. தழும்பின் மேல் தழும்பு விழுந்து, பல வருடம் கழித்துப் பார்வை போய்விடுகிறது. பெயரில் குருடு இருப்பதால் எல்லோரும் கண்ணைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் 2017 கணக்குப்படி உலகத்தில் 2 கோடியே 9 லட்சம் பேருக்குத் தொற்று இருந்தது, அதில் 11.5 லட்சம் பேருக்குப் பார்வைக் கோளாறு, 1 கோடியே 46 லட்சம் பேருக்குத் தோல் நோய். ராத்திரியெல்லாம் தூங்கவிடாத அரிப்பு, கல்லாலும் குச்சியாலும் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாகிப்போன தோல், நிறம் போய்ப் புள்ளி புள்ளியாக வெளுத்த கணுக்கால். பள்ளிப் பிள்ளை வகுப்பில் உட்கார முடியாது, கலியாணப் பேச்சு நின்றுபோகும். இதைச் சின்னத் தொந்தரவு என்று ஒதுக்குவது எனக்குச் சம்மதம் இல்லை.

பரப்புவது சிமுலியம் என்ற கருப்பு ஈ. கொசுவைப் போலத் தேங்கின தண்ணீரில் இது முட்டையிடாது. ஆறு பாறையில் மோதி நுரைத்து ஓடுகிற இடம்தான் இதற்கு வேண்டும், லார்வாவுக்கு அவ்வளவு ஆக்சிஜன் தேவை. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு வகை, ஆற்று நண்டின் ஓட்டிலேயே ஒட்டிக்கொண்டு வளர்கிறது. பகலில்தான் கடிக்கும். ஒன்றிரண்டு கடியில் பொதுவாக நோய் வந்துவிடாது, வருடக்கணக்கில் கடிபட வேண்டும். எனவே யாருக்கு அதிகமாக வரும்? ஆற்றோரத்தில் உழுகிறவர்கள், மீன் பிடிக்கிறவர்கள், துணி துவைக்கிறவர்கள், தண்ணீர் சுமக்கிறவர்கள்.

1970-களில் மேற்கு ஆப்பிரிக்காவின் சில ஊர்களில் 40 வயதைத் தாண்டிய ஆண்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பார்வை இழந்திருந்தார்கள். ஒரு சிறுவன் கம்பின் ஒரு முனையைப் பிடித்து முன்னே நடக்க, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பெரியவர் பின்னால் வருவது அங்கே அன்றாடக் காட்சி. அந்தச் சிறுவன் பள்ளிக்கூடம் போகவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று நடந்தது: மக்கள் ஆற்றோர வண்டல் நிலத்தை விட்டுவிட்டு மேட்டுக் காட்டுக்குப் போய்விட்டார்கள். நல்ல மண் தரிசாகக் கிடக்க, மோசமான மண்ணில் கூட்டம் நெருக்கிக்கொண்டு பசியோடு கிடந்தது.

1972-ல் உலக வங்கித் தலைவர் ராபர்ட் மக்னமாரா அன்றைய மேல் வோல்டாவுக்கு, அதாவது இன்றைய புர்கினா ஃபாசோவுக்கு, போய் இதை நேரில் பார்த்தார். 1974-ல் ஏழு நாடுகளில் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது, பிறகு 11 நாடுகளாக விரிந்தது. அப்போது மக்களுக்குப் பெருமளவில் கொடுக்கக்கூடிய மருந்தே கிடையாது. இருந்த இரண்டு மருந்துகளும் ஆபத்தானவை. ஆகவே ஈயைத்தான் தாக்கினார்கள். ஹெலிகாப்டரில் போய் ஆற்றில் லார்வாக்கொல்லி ஊற்றினார்கள். லார்வா ஒரு வாரத்திலேயே வளர்ந்துவிடும், அதனால் வாரா வாரம் ஊற்ற வேண்டும். மனித உடம்பில் ஏற்கெனவே இருக்கும் புழு செத்துத் தீரும்வரை, 14 வருடத்துக்கு மேல், இப்படியே செய்ய வேண்டும். நடுவில் டெமிஃபாஸ் என்ற மருந்துக்கு ஈக்கள் பழகிப்போயின. உடனே பிடிஐ என்கிற பாக்டீரியா மருந்தையும் வேறு சிலவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். 2002-ல் திட்டம் முடிந்தபோது 6 லட்சம் பேரின் பார்வை காப்பாற்றப்பட்டிருந்தது, 2.5 கோடி ஹெக்டேர் நிலம் மறுபடி சாகுபடிக்கு வந்தது என்று கணக்கிட்டார்கள். போர் நடந்த சியாரா லியோனில் மட்டும் வேலை பாதியில் நின்றது.

இதற்கிடையில் மருந்து வந்தது. ஜப்பானின் சடோஷி ஓமுரா மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிர், அமெரிக்காவில் மெர்க் நிறுவனத்தில் வில்லியம் கேம்பெல் குழுவின் கையில் ஐவர்மெக்டின் ஆயிற்று. முதலில் கால்நடைக்குத்தான் விற்றார்கள். மெர்க்கின் முகமது அஜீஸ் 1981-ல் செனகல் தலைநகர் டக்காரில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார், ஆபத்தில்லாமல் நுண்புழுக்கள் குறைந்தன. 1987 அக்டோபரில் மெர்க் தலைவர் ராய் வாஜெலோஸ், தேவைப்படுகிறவர்களுக்கு, தேவைப்படுகிற காலம்வரை, தேவைப்படுகிற அளவு இலவசம் என்று அறிவித்தார். அந்த வாக்கு இன்றுவரை நிற்கிறது. ஓமுராவுக்கும் கேம்பெலுக்கும் 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. அஜீஸின் பெயரையும் அவர்களோடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

சரி, மாத்திரை வந்துவிட்டது, சாலையில்லாத ஊருக்கு யார் கொண்டுபோவது? ஆரம்பத்தில் மருத்துவக் குழுக்கள் ஜீப்பில் போய்க் கொடுத்தன. செலவு அதிகம். அவர்கள் போகிற அன்றைக்கு ஊரே வயலில் இருக்கும். 1990-களின் நடுவில் ஆப்பிரிக்காவின் பல ஊர்களில் வேறொரு முறையைச் சோதித்தார்கள். எப்போது கொடுப்பது, எங்கே கொடுப்பது, யார் கொடுப்பது என்பதையெல்லாம் ஊரே கூடி முடிவு செய்யட்டும். சுகாதாரத் துறை மாத்திரையைக் கொடுத்துப் பயிற்சி மட்டும் அளிக்கட்டும். ஜீப் குழுவைவிட இது நன்றாக நடந்தது. 1995-ல் மீதி ஆப்பிரிக்க நாடுகளுக்காகத் தொடங்கிய திட்டத்துக்கு இதுவே அடித்தளம்.

அந்த நாள் ஊரில் எப்படி இருக்கும்? அறுவடை முடிந்த சமயமாகப் பார்த்து ஊர் தேதி குறித்திருக்கும். ஊர் தேர்ந்தெடுத்த ஆள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வருவார். அதில் வீடு வாரியாக எல்லோர் பெயரும் இருக்கும். போன வருடம் யார் போட்டார்கள், யார் போடவில்லை என்ற குறிப்பும் இருக்கும். எடை பார்க்கும் கருவி வேண்டியதில்லை. கோடு போட்ட ஒரு கம்பு போதும். சுவரோரம் கம்பை நிறுத்தி, பக்கத்தில் ஆளை நிற்க வைப்பார்கள். 90 சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கிற குழந்தைக்கு மாத்திரை கிடையாது. அதற்கு மேல் உயரத்தைப் பொறுத்து ஒன்று, இரண்டு, மூன்று, 159 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் என்றால் நான்கு. எழுதப் படிக்க அதிகம் தெரியாதவர்கூடத் தப்பில்லாமல் கொடுக்கலாம். கர்ப்பிணிக்கும், பிள்ளை பெற்று ஒரு வாரம் ஆகாதவருக்கும், படுத்த படுக்கையாக இருப்பவருக்கும் கொடுக்கக் கூடாது. மற்றவர்கள் எதிரிலேயே விழுங்க வேண்டும். இரண்டு மூன்று நாள் அரிப்பும் வீக்கமும் வரலாம், நுண்புழுக்கள் கூட்டமாகச் சாவதால் வருவது அது. இதை முன்கூட்டியே சொல்லாத ஊரில் அடுத்த வருடம் பாதிப்பேர் வரமாட்டார்கள். நல்ல பக்கமும் உண்டு: வயிற்றில் இருக்கிற நாக்குப்பூச்சி வெளியே வரும், பேனும் சொறியும் குறையும். பல ஊர்களில் மக்கள் மாத்திரையை விரும்பிக் கேட்பதற்கு இதுவே காரணம். பத்து வருடம் கழித்துக் காப்பாற்றப்படும் கண்ணை இன்றைக்கு யாருக்கும் காட்ட முடியாது. பூச்சி வெளியே வருவது மறுநாளே தெரிந்துவிடும்.

உகாண்டாவில் மோசஸ் கடபர்வா செய்த வேலையை இங்கே சொல்ல வேண்டும். மாத்திரை கொடுக்கும் ஆள்கள் ஏன் நடுவில் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று அவர் ஆராய்ந்தார். ஊருக்கு ஓரிருவர் என்று வைத்து, தூரமாக நடக்கவிட்டால், அவர்கள் கூலி கேட்கிறார்கள், கொடுக்காவிட்டால் நின்றுவிடுகிறார்கள். கேட்பது நியாயம்தானே? அதற்குப் பதிலாக ஒவ்வொரு உறவுக் கூட்டத்திலிருந்தும் பலரை, பெண்களையும் சேர்த்து, தேர்ந்தெடுத்து, தன் சொந்தக்காரர்களுக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்றபோது ஆட்கள் நிலைத்தார்கள், மாத்திரை போட்டவர்களும் கூடினார்கள். பெரியம்மா பையன் கொடுக்கிற மாத்திரையை மறுப்பது கடினம். வீட்டில் யார் கர்ப்பம், யார் வெளியூர் போயிருக்கிறார் என்பதும் அவருக்குத் தெரியும். என்னைக் கேட்டால், ஆப்பிரிக்கா முழுக்க ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டிய காரியம் இது.

ஆரம்பத்தில் குறிக்கோள் ஒழிப்பு அல்ல, குருட்டைத் தடுப்பது மட்டும்தான். மொத்த மக்களில் 65 சதவீதம் பேர் போட்டால் போதும் என்று வைத்திருந்தார்கள். மாத்திரை மட்டும் கொடுத்துப் பரவலையே நிறுத்த முடியும் என்று அப்போது பலர் நம்பவில்லை. 2009-ல் மாலி, செனகல் ஆற்றுப் பகுதிகளிலிருந்து வந்த ஆய்வு அதை மாற்றியது. 15 முதல் 17 வருடம் மாத்திரை போட்ட ஊர்களில் தொற்றும் பரவலும் ஏறக்குறைய இல்லாமல் போயிருந்தன. அதன் பிறகுதான் இலக்கு 80 சதவீதம் ஆனது, ஒழிப்பு என்ற பேச்சும் வந்தது. உங்கள் கேள்விக்கு ஒரு பதில் இங்கே இருக்கிறது: 1987-லிருந்து இருபது வருடத்துக்கு மேல், ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியில் ஒழிப்புக்காக யாரும் மாத்திரை கொடுக்கவில்லை. லேசாகத் தொற்று இருந்த ஊர்களுக்கு, அங்கே யாரும் குருடாவதில்லை என்று, மாத்திரையே போகவில்லை. அந்த ஊர்களிலிருந்து ஈ மறுபடி தொற்றை எடுத்துக்கொண்டு வந்தது. காற்றடித்தால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறக்கிற ஈ அது.

அமெரிக்கக் கண்டத்தில் ஆரம்பத்திலிருந்தே ஒழிப்புதான் இலக்கு. மெக்சிகோ, குவாத்தமாலா, கொலம்பியா, எக்குவடோர், வெனிசுவேலா, பிரேசில் ஆறும் சேர்ந்து 1990-களில் வருடத்துக்கு இரண்டு தடவை கொடுக்க ஆரம்பித்தன. ஒரு தடவை போட்டால் சில மாதங்களில் தாய்ப்புழு மறுபடி நுண்புழுக்களை வெளிவிடத் தொடங்கிவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்றால் அந்த இடைவெளி அடைபட்டுவிடும். கொலம்பியா 2013, எக்குவடோர் 2014, மெக்சிகோ 2015, குவாத்தமாலா 2016 என்று வரிசையாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றன. மீதி இருப்பது வெனிசுவேலா, பிரேசில் எல்லைக் காட்டில் யானோமாமி பழங்குடி மக்கள் வாழும் பகுதி. ஆற்றையும் விமானத்தையும் நம்பித்தான் போக வேண்டும், ஊர்கள் இடம் மாறும், மக்கள் எல்லையைப் பார்க்காமல் இரு பக்கமும் நடப்பார்கள். தங்கம் தோண்ட வந்த சட்டவிரோதக் கும்பல்கள் வேறு. சில ஊர்களில் வருடத்துக்கு நான்கு தடவைகூடக் கொடுத்துப் பார்க்கிறார்கள்.

ஆப்பிரிக்காவில் சான்று பெற்ற முதல் நாடு நைஜர், 2025 ஜனவரியில். அங்கே முதலில் ஆற்றில் மருந்து ஊற்றி ஈயைக் குறைத்தார்கள். பிறகு யானைக்கால் நோய்க்காக 2008 முதல் 2019 வரை கொடுத்த மாத்திரையிலும் ஐவர்மெக்டின் இருந்ததால், அது இந்தப் புழுவையும் சேர்த்து முடித்தது.

ஒழிந்துவிட்டது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, புழுவுக்கு எதிரான ஓவி-16 எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கும் குறைவாக இருக்க வேண்டும். ஆற்றோரத்தில் ஆறாயிரம் ஈயாவது பிடித்து மரபணுச் சோதனை செய்ய வேண்டும். ஈ பிடிப்பது எப்படித் தெரியுமா? ஒருவர் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு காலை முதல் மாலைவரை ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பார். ஈ காலில் வந்து உட்கார்ந்ததும், கடிப்பதற்குள் சிறு குப்பியைக் கவிழ்த்துப் பிடிப்பார். இது ஒழிய வேண்டிய வேலை. எண்ணெய்ப் பசை தடவிய நீலம், கருப்புத் துணிப் பொறி ஒன்றை மெக்சிகோவில் உருவாக்கினார்கள். ஆனால் எல்லா இடத்திலும் அது மனிதக் கால் அளவுக்கு ஈக்களை ஈர்ப்பதில்லை. மாத்திரையை நிறுத்திய பிறகும் மூன்று முதல் ஐந்து வருடம் கண்காணிக்க வேண்டும். புர்கினா ஃபாசோவின் கோமோயே ஆற்றுப் பகுதியில் ஒழிந்தது என்று நினைத்த நோய் சில வருடம் கழித்துத் திரும்பி வந்து, 2011-ல் மறுபடி மாத்திரை கொடுக்க வேண்டியதாயிற்று.

மிகக் கடினமான இடம் மத்திய ஆப்பிரிக்கக் காடு. கேமரூன், காபோன், காங்கோ பக்கம் லோவா லோவா என்று இன்னொரு புழு உண்டு, கண் வெள்ளைக்குள் ஊர்ந்து போவது கண்ணாடியில் பார்த்தாலே தெரியும். அதன் நுண்புழு ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 30,000-க்கு மேல் இருப்பவர் ஐவர்மெக்டின் போட்டால் மூளை பாதிக்கப்பட்டு மயக்கம் வரலாம், உயிரும் போகலாம். போயிருக்கிறது. கேமரூனின் ஒகோலா பகுதியில் அப்படி மரணம் நேர்ந்ததும் மாத்திரை நின்றுபோனது. பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரை போட்டு இறந்ததைப் பார்த்தவரிடம் போய் என்ன சொல்லி விழுங்கச் சொல்வது?

அங்கே ஒரு கருவி உதவியது. ஸ்மார்ட்ஃபோனையே நுண்ணோக்கியாக்கிய லோவாஸ்கோப். விரலில் குத்திய ரத்தத்தை மெல்லிய குழாயில் எடுத்து வைத்தால், ஃபோன் வீடியோ எடுத்து, புழுக்கள் நெளிவதை வைத்து எண்ணிக்கையைச் சில நிமிடத்தில் சொல்லிவிடும். லோவா நுண்புழு பகலில்தான் ரத்தத்தில் மிதக்கும் என்பதால் காலை பத்து மணிக்கு மேல்தான் பார்க்க முடியும். 2015-ல் அதே ஒகோலாவில் 16,000-க்கும் அதிகமானவர்களைச் சோதித்து, ஆபத்து இருந்த 2 சதவீதம் பேரை மட்டும் விலக்கி, மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒருவருக்கும் கடுமையான பாதிப்பு வரவில்லை. நூற்றில் 98 பேருக்குத் தடை இல்லை என்று காட்டியது மட்டுமல்ல, பயந்திருந்த ஊரில் மறுபடி வரிசை நின்றது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. விலக்கப்பட்டவர்களுக்கு டாக்சிசைக்ளின் உண்டு. புழுவுக்குள் இருக்கும் வோல்பாக்கியாவைக் கொன்று, தாய்ப்புழுவை மலடாக்கிவிடும். ஆனால் நான்கு முதல் ஆறு வாரம் தினமும் போட வேண்டும், ஊர் முழுக்க அப்படிக் கொடுக்க முடியாது.

வேறு கருவிகளும் வந்திருக்கின்றன. மாக்சிடெக்டின் என்ற மாத்திரைக்கு 2018-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது, ஐவர்மெக்டினைவிட நீண்ட காலம் நுண்புழுவை அடக்கி வைக்கிறது. வடக்கு உகாண்டாவில் ஊர்க்காரர்களே அரிவாளோடு ஆற்றில் இறங்கி, லார்வா ஒட்டியிருக்கும் தொங்கு செடி கொடிகளை வெட்டி எறிந்தார்கள், ஈக்கடி ஏறக்குறைய 90 சதவீதமும் அதற்கு மேலும் குறைந்தது. ஹெலிகாப்டரும் வேண்டாம், ரசாயனமும் வேண்டாம். அதே பகுதியில் தலையாட்டும் நோய் என்கிற வலிப்பு பிள்ளைகளைத் தாக்கியது. தொற்று கடுமையாக உள்ள இடங்களில் பிள்ளைகளுக்கு வலிப்பு அதிகம் என்பது இப்போது தெளிவாகி வருகிறது. தெற்கு சூடானின் மரிதி அணைப் பக்கமும் இதே கதை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாத்திரைதான் இலவசம், அதைத் துறைமுகத்திலிருந்து ஊருக்குக் கொண்டுபோவது, பயிற்சி, நோட்டுப் புத்தகம், குழந்தைகளின் ரத்தச் சோதனை எதுவும் இலவசம் இல்லை. 2025-ல் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை வெட்டியபோது இந்தச் செலவில் பெரிய ஓட்டை விழுந்தது. பத்தாவது வருடத்தில் இருக்கும் ஊரில் இரண்டு வருடம் விட்டுப்போனால் புழு மறுபடி பெருகும், கணக்கை ஏறக்குறைய முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். உலகத்தில் இன்னும் 24 கோடிக்கும் அதிகமானவர்களுக்கு இந்தத் தடுப்பு மருந்து தேவைப்படுகிறது.

கடைசியாக, நம் நாட்டுக்கு வருமா என்று கேட்டீர்கள். இந்தியாவில் இந்த நோய் இல்லை. கருப்பு ஈ வகைகள் நம் மலை ஓடைகளிலும் இருக்கின்றன, ஆனால் புழு கிடையாது. வேலைக்காகவோ வியாபாரத்துக்காகவோ காங்கோ, கேமரூன், நைஜீரியா பக்கம் ஆற்றோரக் கிராமங்களில் மாதக்கணக்கில் தங்கிவிட்டு வந்தவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். திரும்பி வந்து ஒரு வருடம் இரண்டு வருடம் கழித்துக்கூட ஓயாத அரிப்போ தோலில் கட்டியோ வரலாம். எந்த ஊரில் இருந்தோம் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவர் சொறி, ஒவ்வாமை என்றுதான் பார்ப்பார். யானைக்கால் நோய்க்காக நம் ஊரில் வீடு வீடாகக் கொடுத்த டி.இ.சி. மாத்திரையை, இந்தப் புழு இருக்கிறதா என்று சோதித்து முடியும்வரை தொட வேண்டாம். ஆற்றுக்குருடு புழு உடம்பில் இருப்பவருக்கு அது கடும் எதிர்விளைவைக் கொடுக்கும், கண்ணையும் கெடுக்கும். ஆற்றுக்குருடு உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் யானைக்கால் திட்டத்தில்கூட டி.இ.சி.யை விட்டுவிட்டு ஐவர்மெக்டினைக் கொடுப்பது இதனால்தான்.